மத்தியான வெயிலைக் கணக்கில் சேர்த்தவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே! முன்வரிசையில், பத்தொன்பது நாளாக எங்கள் எல்லோருடைய ஆறுதலையும் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் அமர்ந்திருக்கும், கோகிலவாணி அவர்களின் கணவர் திரு. சிவக்குமார் அவர்களே, மகள் பிரியதர்ஷினி அவர்களே! காரிமங்கலம் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து, நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் ஊர் மக்களே! மாணவ மாணவியரே! உங்கள் அனைவருக்கும் இயற்பியல் துறை நிசார் அகமதுவின் வணக்கம்.

நிற்பவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். நான் சுருக்கமாகப் பேசுகிறவன் இல்லை என்பது இந்தக் கல்லூரிக்கே தெரியும். இன்று சொல்ல வேண்டியதும் சுருக்கமானது இல்லை.

முனைவர் கோகிலவாணி அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. சென்ற மாதம் பதினேழாம் தேதி மூன்றாவது பாடவேளை முடிந்து, சாக்பீஸ் தூள் படிந்த கையோடு மாடிப்படி ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்தார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. போகிற வயதா அது? கேட்டு என்ன ஆகப் போகிறது! கணிதத் துறையைத் தாண்டும்போது கதவைத் தட்டப் போய், தட்டாமல் திரும்புகிறேன். பத்தொன்பது நாளாக இதுதான் நடக்கிறது.

அழைப்பிதழில் என்னை அவருடைய நண்பர் என்று போட்டிருக்கிறார்கள். நண்பர்தான். சண்டைக்காரர் என்று போட்டிருந்தாலும் தப்பில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் வேளாண் குடும்பத்தில் பிறந்து, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று இந்தக் கல்லூரிக்கு வந்தவர் அவர். தருமபுரி கடைவீதியில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பத்திலிருந்து இயற்பியல் படித்துவிட்டு வந்தவன் நான். இருபத்திரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்த அறை. அந்த இருபத்திரண்டு ஆண்டில் நாங்கள் சேர்ந்து செய்த வேலையைவிடச் சேர்ந்து போட்ட சண்டை அதிகம்.

வாசலில் வைத்திருக்கும் பதாகையில் "அன்பே உருவானவர்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும் தோழர்களே, அவர் அன்பே உருவானவர் அல்லர். கணக்கில் தவறு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுப்பார். அந்த மௌனத்தைப் பாராட்டு என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டு பிடித்தது. துறைக் கூட்டத்துக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. யாருடைய வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். ஆனால் ஓர் எண் சரியில்லை என்று அவருக்குப் பட்டுவிட்டால், அது சரியாகிற வரைக்கும் அவர் எங்கேயும் கிளம்ப மாட்டார்.

அப்படி அவர் விடாமல் பிடித்த ஓர் எண்ணைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அந்த எண் இருபத்தைந்து.

அவர் செய்த ஆராய்ச்சி என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. தலைப்பைச் சொன்னால் தூக்கம் வரும்: நுண்கால்வாய்களில் மின்சாரத்தால் இயங்கும் ஓட்டத்தின் மீது வெப்பநிலை ஏற்படுத்தும் விளைவுகளை எண்முறையில் கணித்தல். பயப்படாதீர்கள். விஷயம் எளிது. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. அதில் தலைமுடி அளவுக்கு ஒரு கால்வாய். அதற்குள் தண்ணீரைத் தள்ள எந்த மோட்டாரும் கிடையாது. இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் தண்ணீர் தானாக நகரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் வேகத்துக்குத் தக்கபடி பிரிந்து, ஒவ்வொன்றாக ஓர் உணரியைக் கடந்து போகும். கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு வலுவாகத் தெரிகிறது என்று பார்த்தால், எந்த உப்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

எந்த உப்பு? இந்த மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. ஃப்ளூரைடு. நம் போர் தண்ணீரில் இருக்கிறதே, குழந்தைகளின் பல்லைப் பழுப்பாக்கி, பெரியவர்களின் முட்டியை மடக்க விடாமல் செய்கிறதே, அது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வருகிற வரை ஊர் காத்திருக்க வேண்டும். அந்த ஆய்வகத்தையே ஒரு டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியில் அடைத்துக் கிணற்றடிக்குக் கொண்டு போனால் என்ன? இதுதான் கோகிலவாணி அவர்கள் கேட்டது. கேட்டுவிட்டு என் அறைக் கதவைத் தட்டினார்.

கால்வாய்க்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கம்ப்யூட்டரில் அந்தக் கால்வாயைப் பல லட்சம் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மின்புலம் என்ன, வேகம் என்ன, உப்பு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். சமன்பாடுகள் அவருடையவை. தண்ணீரின் குணங்களை எண்ணாகக் கொடுப்பது என் வேலை. ஒன்றரை ஆண்டு உழைத்தோம். கணக்கும் பெட்டியும் ஒத்துப்போயின. கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது பெயர் என்னுடையது. கல்லூரி வாசலில் எங்கள் படம் போட்டுப் பதாகை கட்டினார்கள். பரிசு கிடைத்தது. நான் அந்தப் பரிசுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

அப்படிப் போன ஓர் ஊர் காரிமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் பல்லைத்தான் பார்க்கிறார்கள் என்று கண்ணம்மாள் அவர்கள் என்னிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறார். அதோ, தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். கைப்பம்புக்கு எதிர் வீடு அவருடையது.

அது சித்திரை மாதம். மத்தியானம் பன்னிரண்டரை மணி. நானும் மேடமும் பேருந்தில் போனோம். ஆய்வக உதவியாளர் கருப்பண்ணன் பெட்டியைத் தன் வண்டியில் கொண்டு வந்தார். அளந்தோம். ஒன்று புள்ளி நான்கு என்று வந்தது. ஒன்றரைக்குக் கீழே! ஊரே சந்தோஷப்பட்டது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டுத் தொட்டியிலிருந்து குடம் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு, வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீரே போதும் என்றால் சந்தோஷமாக இருக்காதா? "இந்த நீரைக் குடிக்கலாம்" என்று தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, பம்பு மேடையில் ஒட்டினோம். என் கையாலேயே ஒட்டினேன்.

எட்டு மாதம் கழித்து, மார்கழியில், அதே பம்பில் மறுபடி அளக்கப் போனோம். காலை ஏழு மணி. நம் ஊர் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும், கருப்பண்ணன் தலையில் மப்ளர் கட்டியிருந்தார். பெட்டி இரண்டு புள்ளி ஒன்று என்று காட்டியது. மறுபடி அளந்தோம். இரண்டு புள்ளி ஒன்று. நான் கூடியிருந்தவர்களிடம் நிலத்தடி நீர்மட்டம், பருவ மாற்றம், பாறையின் தன்மை என்று கால் மணி நேரம் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கண்ணம்மாள் மட்டும் ஆட்டவில்லை. அவர் கேட்டது எனக்கு இன்னும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது:

"அன்னிக்கு மத்தியானம் வந்து குடிக்கலாம்னீங்க. இன்னிக்குக் காலைல வந்து குடிக்காதீங்கறீங்க. தண்ணி ஒண்ணுதானுங்களே சார், உங்க பொட்டிதானுங்களே மாத்தி மாத்திப் பேசுது?"

எனக்குக் கோபம் வந்தது. முனைவர் பட்டம் வாங்கியவனிடம் இப்படிக் கேட்டால் வராதா? மேடத்துக்குக் கோபம் வரவில்லை. கருப்பண்ணனைக் கூப்பிட்டு, சித்திரையில் வந்தபோது பெட்டியை எங்கே வைத்துக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். வண்டி டேங்க் மேலதானுங்க மேடம், எறக்கும்போது தொட முடியல, துண்டைப் புடிச்சித்தான் எறக்கினேன் என்றார் அவர். மேடம் நேரே பம்பு மேடைக்குப் போய், நான் ஒட்டிய தாளை நகத்தால் கிழித்து எடுத்தார்.

நான் தடுத்தேன். ஊர் முன்னாலேயே தடுத்தேன். காரணம் தெரியவில்லை, நிரூபணம் இல்லை, வெறும் சந்தேகத்துக்காக நாமே நம் முடிவை எப்படிக் கிழிப்பது என்றேன். சந்தேகம் தீருகிற வரைக்கும் இவர்கள் எதைக் குடிப்பார்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி, தப்பு எங்கள் பெட்டியில் இருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள், இன்றிலிருந்து இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றார். கண்ணம்மாள் கேட்டார், எட்டு மாசம் குடிச்சதுக்கு என்னங்க பண்றது என்று.

அதற்குப் பிறகு அவர் செய்தது என்ன? கல்லூரியில் ஏ.சி. இருக்கிற ஒரே ஆய்வகம் எங்கள் கம்ப்யூட்டர் ஆய்வகம். பெட்டியைச் சோதித்ததெல்லாம் அங்கேதான். முதல் வேலையாக அவர் அந்த ஏ.சி.யை அணைத்தார். ஜன்னலையும் சாத்தினார். மாசி, பங்குனி இரண்டு மாதம் மாணவர்கள் வியர்வையில் குளித்தார்கள். அவர் மேல் புகார் மனு ஒன்று போயிற்று. முதல்வர் அவர்களே, அந்த மனு இன்னும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்ட மாணவர்களில் இரண்டு பேர் இங்கே முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள். பரவாயில்லை, நானும்தான் அன்று உங்களைத் தூண்டிவிட்டேன்.

ஒரு பெட்டி நிழலில், ஒரு பெட்டி வெயிலில். இரண்டிலும் ஒரே குடத்துத் தண்ணீர். இரண்டு வெவ்வேறு எண்! அப்போது அவருக்குத் தெளிவாயிற்று. கால்வாய்க்குள் மின்சாரம் போனால் தண்ணீர் தானே கொஞ்சம் சூடாகும். வெளியே வெயிலும் சேர்ந்தால் இன்னும் சூடாகும். சூடான ராகிக் கூழ் கரண்டியிலிருந்து வழிகிற மாதிரி ஆறின கூழ் வழியுமா? தண்ணீரும் அப்படித்தான். சூடானால் இளகி வேகமாக ஓடும். வேகமாக ஓடினால் உப்பு உணரியைச் சீக்கிரம் கடந்துவிடும். பெட்டிக்கு அது கொஞ்ச நேரமே கண்ணில் படும். உடனே குறைவாக எழுதிவிடும். எங்கள் கணக்கில் இந்தச் சூடு எங்கேயுமே இல்லை.

சோதனை நடந்த அந்த மாதங்களிலேயே அவர் கணக்கையும் முதலிலிருந்து போட்டார். வெப்பத்துக்குத் தனிச் சமன்பாடு. சூடு ஏறினால் தண்ணீரின் பிசுபிசுப்பு, அதாவது பாகுநிலை, எவ்வளவு குறையும், மின்கடத்தல் எவ்வளவு கூடும், அதனால் சூடு மேலும் எவ்வளவு ஏறும் என்று ஒன்றையொன்று துரத்துகிற கணக்கு அது. ஒரு கட்டம் பிசகினாலும் விடை எங்கோ ஓடிவிடும். எத்தனை முறை ஓடியது! அத்தனை முறையும் கட்டத்தைச் சிறிதாக்கி மறுபடி போட்டார். கடைசியில் வந்த விடையை என் மேசையில் வைத்தார். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில், பெட்டிக்குள் நாற்பத்தைந்து வரை ஏறும். ஓட்டம் ஒன்றரை மடங்கு ஆகும். இருக்கிற ஃப்ளூரைடில் மூன்றில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகும். இரண்டு புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி நான்காகத் தெரியும்.

கண்ணம்மாள் அவர்களே, நீங்கள் சொன்னதுதான். தண்ணீர் ஒன்றுதான். மாற்றிப் பேசியது எங்கள் பெட்டி.

அந்தச் சித்திரையில் அவர் மறுபடி அந்த ஊருக்குப் போனார், அதே மத்தியானத்தில், குடை இல்லாமல். புதிய கணக்கின்படி திருத்தி அளந்ததில் இரண்டு புள்ளி ஒன்று வந்தது. அதோடு நிற்கவில்லை. ஊர்ப் பெண்களோடு நான்கு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டத்து வரிசையில் நின்றார். பேராசிரியர் என்று சொன்னால் உள்ளே நாற்காலி போட்டிருப்பார்கள். சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ஊருக்குள் குழாய் வந்தது. இதெல்லாம் ஊர்க்காரர்கள் உங்களுக்குச் சொல்லக்கூடியது. அவர்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார் அவர். ஆய்விதழுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும், அதில் இரண்டு ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும். ஜூன் மாதம் அவர் கையெழுத்திட்டு, தேதி போட்டு, என்னிடம் நீட்டினார். நான் மறுத்தேன். ஏன் மறுத்தேன்? பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல் எனக்கு அந்த ஆகஸ்டில் இருந்தது. என் பட்டியலில் சொல்லிக்கொள்ளும்படி இருந்த கட்டுரை அது ஒன்றுதான். வெளியே வேறு காரணம் சொன்னேன். திருத்தக் கட்டுரை ஒன்று எழுதினால் போதுமே, பழையதை ஏன் பிடுங்க வேண்டும் என்றேன். பழசை வைத்துப் பெட்டி செய்கிறவர்கள் திருத்தத்தைத் தேடிப் படிக்க மாட்டார்கள் என்றார். பார்க்கலாம் மேடம் என்றேன். பதவி உயர்வு கிடைத்தது. அதற்குப் பிறகாவது போட்டேனா? இல்லை. இவ்வளவு நாள் ஏன் போடவில்லை என்று கேட்பார்களே என்று பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் மாதா மாதம் வளர்ந்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் அந்தப் படிவம் என் மேசையில் இருக்கும். மாலையில் அவரே வந்து, கையெழுத்து இல்லாமல் எடுத்துக்கொண்டு போவார். அந்த மாதங்களிலும் என் மாணவர்களின் கணக்கைத் திருத்திக் கொடுத்தார். அவர் தோட்டத்து மாம்பழம் வந்தால் என் வீட்டுக்குப் போகிற பங்கு குறைந்ததில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

சென்ற ஆண்டு வெளிமாநிலத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர் எங்களுக்கு எழுதினார். அவர் ஊரும் வறண்ட ஊர், அங்கேயும் இதே ஃப்ளூரைடு. எங்கள் கட்டுரையைப் படித்தாராம். அதே போல் ஒரு பெட்டி செய்யப் போகிறாராம், எங்கள் கணக்கு வேண்டுமாம். மேடம் அன்றே பதில் எழுதி, பழையதைத் தொடாதீர்கள் என்று எச்சரித்தார். எழுதிவிட்டு என் அறைக்கு வந்தார். அந்த இரண்டே கால் ஆண்டில் இந்த விஷயமாக அவர் வாய் திறந்து பேசியது அன்று ஒரு நாள்தான்.

"எழுதிக் கேட்டவருக்குப் பதில் சொல்லிட்டேன் சார். கேக்காம எடுத்துக்கிறவங்களுக்கு நான் எப்படிச் சொல்றது?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார். இப்போது நிஜமாகவே போய்விட்டார்.

அவர் மறைந்த ஆறாம் நாள் பிரியதர்ஷினி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு. "அம்மா பையில இருந்துச்சுங்க அங்கிள், மேல உங்க பேரு எழுதியிருந்துச்சு, முக்கியமான பேப்பருங்களா?" என்று கேட்டார். கல்லூரிக் காகிதம்தாம்மா, ஒன்றுமில்லை என்றேன். பிரியதர்ஷினி, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், நான் சொன்னது பொய். உன் அம்மா இரண்டே கால் ஆண்டாகச் சுமந்துகொண்டு திரிந்த காகிதம் அது. பெற்ற தாயை இழந்து ஆறு நாள்கூட நன்றாக ஆகாத பெண்ணிடம் பொய் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை அந்தப் படிவத்தை முதல் முறையாக முழுதாகப் படித்தேன். ஆமாம், இத்தனை மாதமாக நான் அதைப் படித்ததே இல்லை. பிழைக்கான காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தார்: "கால்வாய்ச் சுவரின் வெப்பநிலை இருபத்தைந்து டிகிரி, மாறாதது என்று எடுத்துக்கொண்டது முதல் ஆசிரியரின் முடிவு. இரண்டாம் ஆசிரியருக்கு இதில் பொறுப்பில்லை."

அவையோரே, அது உண்மையில்லை. இருபத்தைந்து என்று எழுதியது நான். தண்ணீரின் குணங்களை எண்ணாகக் கொடுப்பது என் வேலை என்று சற்று முன் சொன்னேனே? ஏ.சி.யில் இருபத்தைந்து வைத்திருந்தோம், புத்தக அட்டவணையிலும் இருபத்தைந்துக்குத்தான் எல்லா எண்ணும் இருந்தது, தட்டிவிட்டேன். தருமபுரியில் பிறந்து, தருமபுரி வெயிலில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவன், சித்திரை மத்தியானத்துக்கு இருபத்தைந்து டிகிரி என்று எழுதினேன்! கம்ப்யூட்டர் கணக்கில் அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து இன்னும் இருக்கிறது. அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. ஒரு தசமப் புள்ளி தப்பினால் பொறுக்காத பெண்மணி, வாழ்நாளில் எழுத்தில் வைத்த ஒரே பொய் அதுதான். என்னைக் கையெழுத்துப் போட வைக்க, என் பெயரைக் காப்பாற்ற, தம் பெயரின் மேல் அதைப் போட்டுக்கொண்டார். நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவரை இழந்துவிட்டு, "அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம்" என்று மேடையில் சொல்வது சுலபம். தொடரத்தான் போகிறோம். வெப்பத்தைச் சேர்த்து அவர் போட்ட புதிய கணக்கு முழுவதும் அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இந்த மாதத்துக்குள் வெளியிடுவோம், அவர் ஒருவர் பெயரில் மட்டும். இனி இந்தக் கல்லூரியிலிருந்து வெளியே போகிற எந்தப் பெட்டியும் ஒரு சித்திரை மத்தியானத்தை வெட்டவெளியில் கழிக்காமல் ஒரு கிணற்றடிக்கும் போகாது. கண்ணம்மாள் அவர்களே, முதலில் உங்கள் பம்படிக்குத்தான் வருவோம். எங்கள் எண் உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் சென்ற முறை கேட்ட மாதிரியே கேளுங்கள். இந்த முறை நான் கோபப்பட மாட்டேன்.

ஆனால் தொடர்வதற்கு முன்னால் நிறுத்த வேண்டியது ஒன்று இருந்தது. இங்கே சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனதும் மனம் மாறிவிடுவேனோ என்று எனக்கு என் மேலேயே சந்தேகம். அதனால் இன்று காலை, இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே, அந்தப் படிவத்தை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். அவர் எழுதியதில் ஓர் எழுத்தையும் நான் அடிக்கவில்லை, அந்த உரிமை எனக்கில்லை. தனித்தாள் ஒன்று இணைத்திருக்கிறேன். இருபத்தைந்து என்று எழுதியவர் இரண்டாம் ஆசிரியர், முதல் ஆசிரியர் அல்லர் என்று அதில் இருக்கிறது. இரண்டு கையெழுத்துக்கும் நடுவே இரண்டு ஆண்டு மூன்று மாத இடைவெளி ஏன் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் எழுதியிருக்கிறேன். அவர் கேட்டார், நான் மறுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். பதவி உயர்வு பற்றி நான் எழுதிய கடிதம் முதல்வர் அவர்களின் மேசையில் இருக்கிறது. அதில் அவர்கள் என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

சிவக்குமார் சார், உங்கள் துணைவியாரைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த நல்லது இதுதான். அவர் தம் தவறு இல்லாத ஒன்றுக்காக ஓர் ஊரின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். தவறு செய்தவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

கோகிலவாணி மேடம், கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் இருக்கும்போதே போட்டிருக்க வேண்டும்.